வெள்ளரளியில் எறும்பு

"என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது, தாயி."

ஆவுடையப்பன் இதைச் சொன்னபோது தாயம்மை ஓடையில் உட்கார்ந்து குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்ன யார் பேச்சைக் கேக்குது?"

"அதைத்தான் கேக்க வந்தேன்."

"ஏழு மாசமா கேக்குதீங்க."

"ஏழு மாசமா நீங்க சொல்லல."

"இந்தக் குண்டானைப் பிடிங்க."

பிடித்தார்.

"கேக்குதே," என்றாள்.

"என்னது?"

"கை. பிடின்னா பிடிக்குதே."

"இதுக்கெல்லாம் கேக்கும். அதுக்குக் கேக்காது."

"எதுக்கு?"

அவர் ஓடையைப் பார்த்தார். "அடிக்கிறதுக்கு."

தாயம்மை குண்டானை வாங்கி, கரியை உதறி, மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

*

மடம் பெரிசு இல்லை. மலையடிவாரத்தில் மூன்று அறை, ஒரு சமையல்கட்டு, மரத்தடியில் ஒரு அம்மன். அவ்வளவுதான்.

முன்னால் இருந்த சாமியார் சாகும்போது தாயம்மையைக் கைகாட்டிவிட்டுச் செத்தார். அப்போது அவளுக்கு இருபத்தாறு. இப்போது முப்பத்து மூன்று.

ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு. அவர் அவளைத் தாயி என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"சீடனைப் போயி யாராவது அண்ணாச்சின்னு கூப்பிடுவாங்களா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"பின்ன, தம்பின்னா கூப்பிட முடியும்?" என்பாள்.

ஆவுடையப்பன் முப்பது வருஷம் மினிபஸ் ஓட்டியவர். கண்ணை மூடி உட்காருங்கள் என்றால் பத்து நிமிஷம் உட்காருவார். பதினோராவது நிமிஷம் இடது கால் கிளட்ச் மிதிக்க ஆரம்பிக்கும். அப்புறம் எழுந்து மடத்தைச் சுற்றி நடப்பார். நடந்து நடந்து, அவர் போகிற வழியில் புல் செத்து ஒரு தடமே விழுந்துவிட்டது.

அவர் செய்தது இதுதான்.

மகன் நம்பிராஜனுக்குப் பதினேழு வயது. கேட்காமல் சாவியை எடுத்து மினிபஸ்ஸை நகர்த்தினான். பின்பக்கம் சுவரில் உரசிவிட்டது. ஆவுடையப்பன் ஒரு அறை விட்டார். ஒன்றுதான். நம்பிக்கு அன்றிலிருந்து இடது காது கேட்காது.

பதினாலு வருஷம் ஆச்சு.

அதற்கு முன்னாலும் அடித்திருக்கிறார், பின்னாலும் அடித்திருக்கிறார். பெண்டாட்டியை அடித்திருக்கிறார். அவள் இப்போது இல்லை. கண்டக்டரை அடித்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தைதான் சொல்வார். "கை தானா போச்சு."

நம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாலாவது மாசம் ஒருநாள் மத்தியானம் குழந்தை விடாமல் அழுதது. வீட்டில் இவர் மட்டும்தான் இருந்தார். கை துடித்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார். இங்கே வந்து இறங்கினார்.

"அந்தக் கையும் கூட வந்துச்சா?" என்று தாயம்மை அன்றைக்குக் கேட்டாள்.

"வராம எப்படி?"

"கூட்டிட்டு வந்தது யாரு?"

இந்த அம்மாவுக்குக் கிறுக்கு என்று ஆவுடையப்பன் நினைத்தார். ஆனால் போகவில்லை.

*

"டிவியில ஒரு டாக்டர் சொன்னாரு, தாயி."

"என்னன்னு?"

"நாம முடிவெடுக்கதா நினைக்கோம்லா, அதுக்கு முன்னாடியே மூளை முடிவெடுத்திருதாம். அரை செகண்ட் முன்னாடி. மிஷின் வச்சுப் பாத்திருக்காங்க."

"இருக்கும்."

சண்டைக்கு வருவாள் என்று நினைத்திருந்தார். வரவில்லை. அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"அப்போ நம்பியை அடிச்சது நான் இல்லயே. மூளைதானே அடிச்சுது?"

"யார் மூளை?"

ஆவுடையப்பன் மடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"என் மூளைதான். ஆனா நானா செஞ்சேன் அதை? எங்க அப்பா குடுத்தது. அவருக்கு அவரு அப்பா குடுத்தது. இந்தக் கையைப் பாருங்க. எங்க அப்பா கை இதே மாதிரிதான் இருக்கும். நகம் முதக்கொண்டு."

"அவரும் அடிப்பாரா?"

"பெல்ட்டாலதான் பேச்சே."

"ஏன் அடிச்சீங்கன்னு கேட்டதுண்டா?"

"கேட்டேன். சாகக் கிடக்கும்போது."

"என்ன சொன்னாரு?"

ஆவுடையப்பனுக்கு இடது கால் ஆடியது.

"கை தானா போச்சுலேன்னாரு."

தாயம்மை தலையை ஆட்டினாள்.

"வீடு, வயலு ஏதும் எழுதி வச்சாரா?"

"ஒண்ணும் கிடையாது."

"இதை மட்டும் வச்சிட்டுப் போயிருக்காரு."

"கிண்டல் பண்ணுதீங்களா?"

"இல்ல அண்ணாச்சி. நெசமாத்தான் சொல்லுதேன்."

"அப்போ ரத்தம்னு ஒண்ணு இருக்குதானே? பொய் இல்லயே?"

"பொய் இல்ல."

"அப்போ நான் என்ன செய்ய?"

"அரிசியில கல்லு கிடக்கு. பொறுக்குங்க."

*

அரிசி பொறுக்கினார். ஒரு கல் பொறுக்கினார், ரெண்டு கல் பொறுக்கினார். முறத்தைத் தள்ளி வைத்தார்.

"எனக்குப் பதில் வேணும்."

"முப்பது வருஷம் வண்டி ஓட்டுனீங்களே, எத்தனை பேரை அடிச்சுப் போட்டீங்க?"

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். "ஒரு கோழியைக்கூட அடிக்கல, தாயி! கேட்டுப் பாருங்க எங்க ரூட்டுல. ஆடு குறுக்க வரும், நாய் வரும், பள்ளிக்கூடம் விட்டா பிள்ளைங்க வரும். ஒரு கீறல் கிடையாது."

"எப்படி?"

"பாத்ததும் கால் தானா பிரேக்குக்குப் போயிரும்."

"தானாவா?"

"யோசிச்சுக்கிட்டு இருந்தா ஆடு செத்துரும்லா."

"ஆட்டைக் காப்பாத்துனது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"கால் இல்லயா?"

அவர் தன் காலைப் பார்த்தார்.

தாயம்மை முறத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஆட்டைக் காப்பாத்துனா நீங்க. பிள்ளையை அடிச்சா கை. சரி, பொறுக்குங்க."

*

அன்றைக்கு மத்தியானமே குரங்கு வந்தது.

அம்மனுக்கு வைத்த பழத்தட்டு வெளியே இருந்தது. முதலில் பெரிய கடுவன் வந்தது. ஒரு ஆள் உட்கார்ந்த மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தது. பழத்தை உரித்து உரித்துத் தின்றது. ஆவுடையப்பன் வாசலில் நின்று பார்த்தார். "ச்சூ" என்றார். கடுவன் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. அவர் உள்ளே ஒரு அடி நகர்ந்தார்.

அது தின்று முடித்துப் போனது.

பின்னாலேயே ஒரு குட்டி வந்தது. தட்டில் கிடந்த தோலை எடுத்தது.

ஆவுடையப்பன் கல்லை எடுத்து வீசினார். குட்டியின் முதுகில் பட்டது. கத்திக்கொண்டே மரத்தில் ஏறியது.

தாயம்மை சமையல்கட்டு ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி."

"கை தானா போச்சு, தாயி. சத்தியமா. எடுத்ததே தெரியல."

"பெருசு மேல ஏன் போகல?"

"அது கடிச்சிரும்லா!"

"அது கைக்கு எப்படித் தெரியும்?"

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் ஆவுடையப்பன் மடத்தைச் சுற்றினார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. எத்தனை சுற்று என்று யாரும் எண்ணவில்லை. செருப்பு வார் அறுந்தது. அப்புறம் வெறும் காலோடு சுற்றினார்.

*

மறுநாள் போன் வந்தது.

மடத்தில் இருப்பது ஒரே ஒரு பட்டன் போன். எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஸ்பீக்கர் வந்துவிடும். ரகசியம் பேச முடியாது.

"அப்பா."

நம்பி. ஏழு மாசத்தில் முதல் தடவை.

"சொல்லுலே," என்றார் ஆவுடையப்பன்.

"நாளன்னைக்குப் பாப்பாவுக்குக் காது குத்து. குலதெய்வம் கோயில்ல."

"சந்தோஷம்லே."

"கேக்கல. இங்க பஸ் ஒண்ணு நிக்குது. எனக்கு ஒரு காதுதான். சத்தமாச் சொல்லுங்க."

"சந்தோஷம்னு சொன்னேன்!"

"நாளைக்குக் காலையில முப்பிடாதியையும் பாப்பாவையும் அனுப்புதேன். வீட்டுப் பெரியவருக்கு வெத்தலை பாக்கு வச்சுத்தான் கூப்பிடணும்னு மாமனார் சொல்லுதாரு. அதுக்குத்தான் அனுப்புதேன். நீங்க வாரதா இருந்தா எனக்கு ஒரு வார்த்தை வேணும்."

"என்ன வார்த்தை?"

"இனிமே யார் மேலயும் கை நீட்ட மாட்டேன்னு."

ஆவுடையப்பன் போனைக் கை மாற்றினார்.

"அப்பா?"

"அது எனக்கே தெரியாதுலே. நான் எப்படிச் சொல்ல? அந்த நேரத்துல..."

"வார்த்தை குடுத்தா அவகூட வாங்க. இல்லன்னா அங்கயே இருங்க. இதுக்குப் பிறகு நான் கூப்பிட மாட்டேன்."

போன் நின்றது. ஸ்பீக்கரில் கொர்ரென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. தாயம்மை வந்து பட்டனை அமுக்கினாள்.

"எனக்கு ஆசை இல்லயா?" என்றார் ஆவுடையப்பன். "பிள்ளை முகத்தைப் பாத்து ஏழு மாசமாச்சு. ஆனா பொய் சத்தியம் பண்ணவா? நாளைக்கே கை போச்சுன்னா?"

தாயம்மை போனை எடுத்து மாடத்தில் வைத்தாள்.

"நீங்களே சொல்லிருங்க. போகவா வேண்டாமா?"

"நான் சொன்னா, நாளைக்குத் தாயி சொன்னான்னு சொல்லுவீங்க."

"அப்போ அம்மன்கிட்ட பூ கேக்கேன்."

தாயம்மை அவரைப் பார்த்தாள்.

"கேளுங்க," என்றாள்.

*

அந்த அம்மனிடம் பூ கேட்பது இப்படித்தான்.

ஒரு பூவரச இலையில் செவ்வரளி. இன்னொரு பூவரச இலையில் வெள்ளரளி. ரெண்டு பொட்டலத்தையும் வாழைநாரால் ஒரே மாதிரி கட்ட வேண்டும். கேட்கிறவர் கும்பிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் செய். வெள்ளை வந்தால் செய்யாதே. மூன்று தடவை கேட்க வேண்டும். ரெண்டு தடவை எது வருகிறதோ அதுதான் பதில்.

செவ்வாயும் வெள்ளியும் கூட்டம் வரும். இந்த மாப்பிள்ளை வேண்டுமா, இந்த ஆபரேஷன் பண்ணலாமா, துபாய் போகலாமா. எல்லாம் பொட்டலத்தில்தான்.

இதில் ஒரே ஒரு விதி. அரளியைத் தவிர வேறு பூ கூடாது. ரோஜா கூடாது, மல்லி கூடாது, பிச்சி கூடவே கூடாது. பிச்சியும் வெள்ளைதான், ஆனால் தெருமுனைக்கே மணக்கும். எந்தப் பொட்டலத்தில் எது என்று மூக்கு சொல்லிவிடும். அப்புறம் அம்மன் எதற்கு?

காலையில் பூப் பறிப்பது ஆவுடையப்பன் வேலை. பொட்டலம் கட்டுவது தாயம்மை வேலை. ஏழு மாசமாக அப்படித்தான்.

ஆகையால் விதி அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

*

விடிந்தது.

ஆவுடையப்பன் தட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். செவ்வரளி பறித்தார்.

வெள்ளரளி மரம் நிறையப் பூத்திருந்தது. அவர் அதைத் தாண்டிப் போனார்.

வேலியோரம் பிச்சிக்கொடி இருந்தது. அங்கே நின்றார். சுற்றிப் பார்த்தார். பறித்தார்.

தாயம்மை தட்டைப் பார்த்தாள்.

"வெள்ளரளி இல்லயா, அண்ணாச்சி?"

"எறும்பு, தாயி. மரம் பூராவும் எறும்பு."

"சரி," என்றாள்.

*

முப்பிடாதி ஏழரை மணிக்கு வந்தாள். நம்பியின் மனைவி. ஒல்லியான பெண். இடுப்பில் குழந்தை, கையில் வெற்றிலைத் தட்டு. ஆட்டோவைக் கீழே ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து ஏறியிருந்தாள். மூச்சு வாங்கியது.

"வாங்க மாமா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவர் இருக்கிற இடத்தில் வந்து நின்றுகொண்டு அவரையே வாங்க என்றாள். பதற்றத்தில் அப்படித்தான் வரும்.

"நல்லா இருக்கேம்மா. பாப்பா வளந்துட்டாளே."

"நடக்கப் பாக்குதா."

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். முப்பிடாதி ஒரு அடி பின்னால் வைத்தாள். வேண்டுமென்று வைக்கவில்லை. ரெண்டு பேருக்குமே அது தெரிந்தது.

தட்டைத் தரையில் வைத்தாள்.

"வெத்தலையை எடுத்துக்கோங்க மாமா. அப்புறம் அவங்க ஒண்ணு கேக்கச் சொன்னாங்க."

"தெரியும்மா. அம்மன்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன். அவ என்ன சொல்லுதாளோ அதுதான்."

"கேட்டது உங்ககிட்டல்லா மாமா?"

"நம்ம என்னம்மா பெரிய ஆளு. நம்ம இஷ்டத்துக்கா எல்லாம் நடக்கு?"

தாயம்மை அம்மன் கல்லுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். ரெண்டையும் கொண்டுவந்து கல்லின் முன்னால் வைத்தாள்.

ஆவுடையப்பன் மண்டி போட்டார். கண்ணை மூடினார். கும்பிட்டுக் குனிந்தார். ரொம்பக் குனிந்தார். மூக்கு இலையில் படுகிற அளவுக்குக் குனிந்தார். கை இடது பக்கம் போனது. நின்றது. வலது பக்கம் போனது. எடுத்தது.

நாரைப் பிரித்தார். வெள்ளை.

"பாத்தியா," என்றார் முப்பிடாதியிடம். "வேண்டாம்னு சொல்லுதா."

முப்பிடாதி குழந்தையை இடுப்பு மாற்றினாள். அவள் முகம் சின்னதாகிவிட்டது.

"அவங்க சாமான் வாங்கும்போது உங்களுக்கும் வேட்டி எடுத்து வச்சிருக்காங்க, மாமா. என்கிட்டகூடச் சொல்லல. பீரோவுல பாத்தேன்."

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார்.

"நான் என்னம்மா செய்ய? அவ சொல்லிட்டாளே."

"இன்னும் ரெண்டு தடவை இருக்கு," என்றாள் தாயம்மை.

*

ரெண்டாவது பொட்டலங்கள் வந்தன. கட்டுவதற்கு இந்தத் தடவை கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது.

ஆவுடையப்பன் குனிந்தார். அதே மாதிரி. கை நேராகப் போனது. இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. எடுத்தார். பிரித்தார்.

சிவப்பு.

"இதுல பிச்சிதானே மணந்துச்சு!" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது.

மரத்தில் குரங்குகூடச் சத்தம் போடவில்லை. குழந்தை மட்டும் வாயில் விரலை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னது.

"ஆமா," என்றாள் தாயம்மை. "செவ்வரளி கட்டுன இலையில நான்தான் பிச்சியைக் கசக்கித் தேச்சேன். மத்ததைவிட இதுதான் தூக்கலா மணக்கும்."

"என்னை ஏமாத்துனீங்களா?"

"ஆமா."

"அம்மன் முன்னாடி வச்சா?"

"ஆமா. நீங்க?"

ஆவுடையப்பன் எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. கழுத்தில் நரம்பு புடைத்தது.

"நான் என்ன? எறும்புன்னு சொன்னேன்லா? மரம் பூராவும் எறும்பு!"

"வாங்க, போய்ப் பாப்போம்."

"என்னைப் பொய்யன்னு சொல்லுதியா? மருமக முன்னாடி வச்சு? ஏளா, யாருகிட்ட பேசுத?"

ஏழு மாசமாகத் தாயி என்ற வாய். ஏளா என்றது.

கை மேலே போனது.

தாயம்மை அவர் தோள் உயரம்கூட இல்லை. கையில் ஒரு கம்புகூட இல்லை. அவள் நகரவில்லை. பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் நகரவில்லை.

முப்பிடாதி கத்தவில்லை. ஓடவில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் செய்தாள். உள்ளங்கையால் குழந்தையின் இடது காதைப் பொத்தினாள்.

ஆவுடையப்பன் அதைப் பார்த்தார்.

கை மேலேயே நின்றது.

தாயம்மை கடிக்க மாட்டாள். குட்டிக் குரங்கைவிடச் சாது. அது அவருக்கும் தெரியும், கைக்கும் தெரியும். அப்படியும் நின்றது.

அவர் அண்ணாந்து தன் கையைப் பார்த்தார். யாரோ வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். விரல் விரலாகப் பார்த்தார். அப்பாவின் நகம்.

மெதுவாக இறக்கினார். தண்ணீர்க் குடத்தை இறக்குகிற மாதிரி, சிந்தாமல் இறக்கினார்.

இடது கால் ஆடவில்லை.

தாயம்மை மூச்சு விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"மூணாவது பாக்கி இருக்கு, அண்ணாச்சி," என்றாள். "கட்டவா?"

"வேண்டாம்."

"அரளியே வச்சுக் கட்டுதேன்."

"வேண்டாம், தாயி. மரத்துல எறும்பு இல்ல."

குனிந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார். முப்பிடாதி பக்கம் திரும்பினார். கிட்டே போகவில்லை. நின்ற இடத்தில் இருந்தே பேசினார்.

"நம்பிக்கு ஒரு போன் போடும்மா. போட்டுச் சொல்லு. அன்னைக்கு அடிச்சது நான்தான்னு."

முப்பிடாதிக்குப் புரியவில்லை.

"அது அவங்களுக்குப் பதினாலு வருஷமாத் தெரியும், மாமா."

"எனக்கு இப்பத்தான் தெரியும்."

கீழே ரோட்டில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். ரெண்டு தடவை அடித்தார்.

முப்பிடாதி மாமனாரின் கையைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு குழந்தையின் காதிலிருந்து தன் கையை எடுத்தாள்.

"முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காருங்க," என்றாள். "பாப்பா பின்னாடி எங்கூட இருக்கட்டும்."